‘ஷெர்லாக் ஜூனியர்’ (1924): திரைக்குள் இறங்கி நடக்கும் அந்தக் காட்சியை எப்படி எடுத்தார்கள்?

#1 கூடல்வாசி

போன ஞாயிற்றுக்கிழமை மகளோடு உட்கார்ந்து அமெரிக்க மௌனப்பட நகைச்சுவை நடிகரும் இயக்குநருமான பஸ்டர் கீட்டனின் ‘ஷெர்லாக் ஜூனியர்’ பார்த்தேன். மொத்தமே முக்கால் மணி நேரப் படம். ஆனால் நாங்கள் எழுந்திருக்க இரண்டரை மணி நேரம் ஆனது. ஒரே ஒரு காட்சியைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருந்தோம்.

பார்க்காதவர்களுக்குக் கதைச் சுருக்கம். ஒரு சின்ன ஊர் சினிமா கொட்டகையில் படம் ஓட்டும் பையன். துப்பறிவாளன் ஆக வேண்டும் என்று புத்தகம் வைத்துப் படிக்கிறான். காதலியின் அப்பாவுடைய பாக்கெட் கடிகாரத்தை வேறொருவன் திருடி அடகு வைத்துவிட்டு, ரசீதை இவன் பையில் செருகிவிடுகிறான். பழி இவன்மேல் விழுகிறது. வீட்டைவிட்டுத் துரத்துகிறார்கள். கொட்டகைக்கு வந்து படத்தை ஓடவிட்டு, மெஷின் பக்கத்திலேயே தூங்கிப்போகிறான்.

தூங்குகிறவனிடமிருந்து இன்னொருவன், கண்ணாடி போல ஊடுருவித் தெரிகிறவன், எழுந்து வருகிறான். ஆணியில் தொப்பி மாட்டியிருக்கிறது. நிஜத் தொப்பி அங்கேயே இருக்க, அதிலிருந்து ஒரு நிழல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்கிறான். பிறகு அரங்கின் நடுவே நடந்து, மேடை ஏறி, ஓடிக்கொண்டிருக்கும் படத்துக்குள் போய்விடுகிறான்.

அங்கேதான் எங்களுக்குத் தலை சுற்றியது. படம் அவனை ஏற்றுக்கொள்ளாமல் காட்சியை மாற்றிக்கொண்டே இருக்கிறது. தோட்டத்தில் பெஞ்சில் உட்காரப் போகிறான்; அதற்குள் இடம் தெருவாகிவிட, வண்டிகளுக்கு நடுவே மல்லாந்து விழுகிறான். எழுந்து நடக்கிறான், அடுத்த அடி மலை விளிம்பு. எட்டிப் பார்க்கிறான், இரண்டு சிங்கங்களுக்கு நடுவில் நிற்கிறான். அப்புறம் பாலைவனம், உரசிக்கொண்டு போகும் ரயில். ஒரு மண்மேட்டில் உட்கார்ந்தால் அது கடல் நடுவில் பாறையாகிறது. தண்ணீருக்குள் பாய்கிறான், பனியில் தலைகுத்தி விழுகிறான்.

இத்தனைக்கும் அவன் உடம்பு மாறவில்லை. இருந்த இடத்தில் இருந்தபடியே இருக்கிறது, உலகம் மட்டும் மாறுகிறது. கணினி இல்லாத காலம், கேமராவைக் கையால் சுற்றிய காலம். மகள் கேட்டாள், “அப்பா, அவர் எப்படிக் கரெக்டா அதே இடத்துல நின்னாரு?” எனக்குப் பதில் தெரியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள். 1924-ல் வந்த படம் என்பதால் 2020 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் பதிப்புரிமை தீர்ந்து பொதுவுடைமை. தேடினால் நல்ல பிரதியே கிடைக்கும்.

#2 நிழற்படக்காரன்

கூடல்வாசி அண்ணா, உங்கள் மகள் கேட்ட கேள்வியைத்தான் அந்தக் காலத்து ஒளிப்பதிவாளர்களும் கேட்டார்கள். தொழிலில் இருந்த கேமராக்காரர்கள் ஒன்றுக்கு இரண்டு முறை டிக்கெட் எடுத்துப் போய், எப்படிச் செய்தார்கள் என்று கண்டுபிடிக்கப் பார்த்தார்களாம். பின்னாளில் கீட்டனே பேட்டியில் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

முதலில் எளிய பகுதி. அவன் மேடை ஏறித் திரைக்குள் போகிறானே, அந்த ஷாட்டில் திரையே கிடையாது. திரை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மேடை அமைத்து, உள்ளே நிஜமாகவே அரங்கப் பொருட்களையும் நடிகர்களையும் நிறுத்தி, படம் ஓடுவது போலத் தோன்றும்படி விளக்கு போட்டார்கள். வெளியே இருட்டு, உள்ளே பளீரென்ற வெளிச்சம். நம் கண் அதைத் திரை என்று நம்பிவிடுகிறது. கீட்டன் சும்மா நடந்து உள்ளே போனார், அவ்வளவுதான்.

கஷ்டமானது அதற்குப் பிறகு. தெரு, மலை, பாலைவனம், கடல், பனி எல்லாம் நிஜ இடங்கள். ஒரு இடத்தில் எடுத்து முடித்து, வண்டி கட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போய், அங்கே அதே ஆளை, அதே அளவில், அதே நிலையில் நிறுத்த வேண்டும். கேமராவுக்கும் அவருக்கும் உள்ள தூரம் கொஞ்சம் மாறினாலும் ஆள் பெரிதாகவோ சிறிதாகவோ தெரிந்து வெட்டு (ஒரு ஷாட் முடிந்து அடுத்தது தொடங்கும் இடம்) துள்ளும். அதனால் நில அளவைக் கருவிகளைக் கொண்டுவந்து தூரம், உயரம் எல்லாவற்றையும் அளந்தார்கள். காமெடிப் படப்பிடிப்பில் சர்வே கருவி!

அளந்தால் மட்டும் போதாது. உடம்பு எப்படி வளைந்திருந்தது, கை எங்கே இருந்தது என்பதும் சேர வேண்டும். ஒளிப்பதிவாளர் எல்ஜின் லெஸ்லி இதற்குக் கண்டுபிடித்த வழிதான் எனக்குப் பிடித்தது. ஒரு ஷாட் முடிந்ததும் அதன் கடைசித் துண்டை உடனே இருட்டறைக்கு அனுப்பி டெவலப் செய்ய வைப்பார். அதிலிருந்து சில பிரேம்களை வெட்டி எடுத்து, கேமராவின் கேட்டில், பிலிம் ஓடுகிற அந்தச் சதுர ஓட்டையில், பொருத்துவார். அதன் வழியே பார்த்தால் முந்தைய ஷாட்டில் கீட்டன் நின்ற நிலை தெரியும். அதன்மேல் புதிய இடத்தில் நிற்கும் கீட்டனைப் பொருத்தி, “கொஞ்சம் இடது, தலையைத் தாழ்த்து” என்று சொல்லிச் சொல்லி ஒன்றின்மேல் ஒன்றாக உட்கார வைப்பார். அப்புறம் அந்தத் துண்டை எடுத்துவிட்டு பிலிம் போட்டு எடுப்பார்கள்.

நான் திருமண வீடியோ எடுத்து வயிறு வளர்ப்பவன். இன்றைக்கு முந்தைய ஷாட்டை மங்கலாக மானிட்டரில் போட்டுப் பார்த்துப் பொருத்த ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தப் பொத்தானின் தாத்தா லெஸ்லி கையில் இருந்த அந்த ஈர பிலிம் துண்டு.

#3 மீனா_கோவை

அருமையான விளக்கம். ஒரு சந்தேகம். பாறையிலிருந்து பாய்கிற இடத்தில் அவர் அந்தரத்தில் இருக்கிறாரே? நிற்கிற ஆளைப் பொருத்தலாம், உட்கார்ந்திருக்கிற ஆளைப் பொருத்தலாம். பாய்கிறவரை எப்படிப் பொருத்துவது?

#4 நிழற்படக்காரன்

மீனா அக்கா, அங்கே கருவிக்கு வேலை பாதி, உடம்புக்குப் பாதி. கீட்டன் நடக்கப் பழகின வயதிலேயே மேடை ஏறியவர். அப்பா ஜோ, அம்மா மைரா, இவர், மூவரும் ‘தி த்ரீ கீட்டன்ஸ்’ என்ற பெயரில் ஊர் ஊராக வாடவில் எனும் பல்சுவை மேடைகளில் ஆடியவர்கள். அப்பா பிள்ளையைத் தூக்கி எறிவார், பிள்ளை விழுவான், கூட்டம் சிரிக்கும். அதுதான் அவர்கள் ஆட்டம். எத்தனை தடவை விழுந்தாலும் ஒரே மாதிரி விழத் தெரிந்த உடம்பு அது. பாயும்போது முதுகு எந்தக் கோணத்தில் இருந்தது என்று அவர் தசைக்கே தெரியும். இன்னொருவரை வைத்து இந்த வெட்டை எடுத்திருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இந்தப் படத்துக்கு முன்பே கீட்டனும் லெஸ்லியும் பழகின கூட்டணி. 1921-ல் வந்த ‘தி பிளேஹவுஸ்’ குறும்படத்தில் ஒரே பிரேமில் ஒன்பது கீட்டன்கள் வருவார்கள். லென்ஸை மறைத்து ஒரு துண்டை மட்டும் பதிவு செய்வது, பிலிமைப் பின்னால் சுற்றுவது, அடுத்த துண்டைத் திறப்பது என்று ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் லெஸ்லி கையால் ஒரே வேகத்தில் சுற்ற வேண்டும். கை கொஞ்சம் தடுமாறினால் எட்டு கீட்டன்களும் வீண். தூங்கும் பையனிடமிருந்து இன்னொருவன் எழுவதும் இதே பரம்பரை, ஒரே பிலிமில் இரண்டு முறை பதிவு செய்யும் டபுள் எக்ஸ்போஷர்தான். நிஜத் தொப்பி ஆணியில் இருக்க நிழல் தொப்பியை எடுக்கிறாரே, அதைச் செய்யாமல் விட்டிருந்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

#5 ரீல்பெட்டி

இந்த இழையைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. என் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் தியேட்டர் ஆபரேட்டர். ஊரும் தியேட்டரும் வேண்டாம், இரண்டுமே இப்போது அப்படியே இல்லை.

சின்ன வயதில் பள்ளி விட்டதும் நேராக ஆபரேட்டர் ரூமுக்குத்தான் போவேன். இரண்டு மெஷின், விளக்குக்காகக் கார்பன் குச்சி எரிகிற வெளிச்சம், அந்தச் சூடு, அந்தச் சத்தம். கீட்டன் அந்த அறையில் தூங்குகிற காட்சியைப் பார்த்தபோது சிரிப்பு வரவில்லை, பதறியது. ஆபரேட்டர் தூங்கக் கூடாது. ரீல் தீர்ந்தால் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். கார்பன் தேயத் தேயத் தள்ளிவிட வேண்டும். அதிலும் 1924-ல் இருந்தது நைட்ரேட் பிலிம். தீப்பிடித்தால் தண்ணீருக்குள் போட்டாலும் எரியும் சாதி. பிலிம் கேட்டில் சிக்கி நின்றால் விளக்கின் சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். அந்தக் காலத்துப் பார்வையாளர்களுக்கு இது தெரியும். நமக்கு வெறும் கனவுக் காட்சி. அவர்களுக்குக் கொட்டகை எரிந்துவிடுமோ என்ற பயமும் கூடவே இருந்திருக்கும்.

இன்னொன்று கவனித்தீர்களா? பையன் ஓட்டுகிற படத்தின் தலைப்பு அட்டையில் ‘வெரோனல் ஃபிலிம் கம்பெனி’ என்று போடுகிறார்கள். வெரோனல் என்பது அந்தக் காலத்தில் எல்லோருக்கும் தெரிந்த தூக்க மாத்திரை. மாத்திரைப் பெயரைக் கம்பெனிக்கு வைத்துவிட்டு ஆபரேட்டரைத் தூங்க வைத்திருக்கிறார்கள்!

#6 வடமராட்சியான்

எல்லாரும் தொழில்நுட்பத்தைப் பற்றியே கதைக்கிறியள். நான் வேறொரு பக்கத்தாலை வாறன்.

இந்தப் படத்தை ‘சர்ரியலிஸ்ட்’, அதாவது கனவையும் ஆழ்மனசையும் கலையாக்கிற வகை, எண்டு கனபேர் எழுதுகினம். திகதியைப் பாருங்கோ. படம் வெளிவந்தது 1924 ஏப்ரலிலை. பிரெஞ்சுக் கவிஞர் ஆந்திரே பிரெத்தோன் பாரிசிலை சர்ரியலிச அறிக்கையை வெளியிட்டது அதே வருசம் ஒக்ரோபரிலை. கீட்டனுக்கும் அந்த இயக்கத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. அவையள்தான் பிறகு இவரைக் கண்டுபிடிச்சுக் கொண்டாடினவை. ஸ்பானியக் கவிஞர் லோர்கா ‘பஸ்டர் கீட்டனின் உலா’ எண்டு ஒரு குட்டி நாடகமே எழுதினவர். ஸ்பானிய இயக்குநர் புனுவேல் படம் எடுக்கத் தொடங்க முந்தியே கீட்டனைப் புகழ்ந்து எழுதினவர்.

எனக்கு ஒரு குறையும் இருக்கு. கனவு எண்டு சொல்லிப்போட்டால் என்னத்தையும் காட்டலாம். ஆள் முழிச்சோடனை எல்லாம் சரியாப் போயிடும். அது எனக்கு ஒரு தப்பிக்கிற வழி போலத்தான் தெரியுது. உண்மையான சர்ரியல் படைப்பு முழிக்க விடாது. பார்க்கிற ஆளை உள்ளுக்கையே வைச்சிருக்கும். இதைப் பற்றி ஆரும் யோசிச்சியளோ?

#7 கூடல்வாசி

வடமராட்சியான், திகதி விஷயம் எனக்குப் புதிது. நன்றி. ஆனால் கனவு தப்பிக்கும் வழி என்பதில் உடன்பட முடியவில்லை. இந்த ஒரு வாரமாகக் கீட்டனின் பேட்டிகளைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நடந்தது நீங்கள் நினைப்பதற்கு நேர் எதிர்.

கனவுக்கதை ஒன்று எழுதி அதற்குள் வித்தைகளைச் செருகவில்லை. வித்தைகள்தான் முதலில் வந்தன. படம் ஓட்டுகிறவன் திரைக்குள் நடந்து போக வேண்டும். அந்த ஒரு எண்ணத்துக்காகத்தான் இந்தப் படமே என்று கீட்டன் சொல்லியிருக்கிறார். அதோடு மேடையில் செய்த பழைய மாயவித்தைகள், மாயவித்தைக்காரர் ஹூடினி வகைச் சமாச்சாரங்கள், கோமாளித்தனங்கள் எல்லாவற்றையும் வரைந்துகொண்டு வந்து ஆட்களிடம் காட்டுகிறார். லெஸ்லி பார்த்துவிட்டுச் சொல்கிறார்: இதையெல்லாம் ஒரு நேரான கதையில் வைக்க முடியாது, இது கனவாகத்தான் வர வேண்டும் என்று. கதையின் முதுகெலும்பைச் சொன்னது கேமராக்காரர்!

அப்படிச் சொல்ல ஒரு காரணமும் இருந்தது. கீட்டன் 1923-ல் இரண்டு ரீல் குறும்படங்களை விட்டுவிட்டு முழுநீளப் படங்களுக்கு வருகிறார். நீண்ட படத்தில் நடக்கவே முடியாத விஷயங்களைக் காட்டினால் பார்ப்பவர்கள் கதையை நம்பமாட்டார்கள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அதனால் கார்ட்டூன் மாதிரியான நகைச்சுவைகளை எல்லாம் தூக்கிப் போட்டார். எத்தனை வருஷமாகக் கையில் வைத்திருந்த சரக்கு! அதை விட மனசில்லாமல் கண்டுபிடித்த வாசல்தான் இந்தத் தூக்கம்.

அதனால்தான் எனக்கு இந்தப் படம் இவ்வளவு பிடிக்கிறது. கனவைக் காட்டுகிறேன் என்று புகை போடவில்லை, மங்கலாக்கவில்லை. பளிச்சென்ற பகல் வெளிச்சம், முழு உருவம் தெரியும் தூரம், டேப் வைத்து அளந்த இடம். நீங்கள் சொன்னதற்கே வருகிறேன்: முழிக்க விடாத தன்மை அந்த அளவெடுப்பில் இருக்கிறது. கண் சந்தேகப்பட ஒரு சின்ன ஓட்டைகூட விடவில்லை.

#8 செங்குன்றம் சிவா

நகைச்சுவை நடிகர் ராஸ்கோ ஆர்பக்கிள்தான் இந்தப் படத்தை இயக்கினார், கீட்டன் பெயர் போட்டுக்கொண்டார் என்று எங்கோ படித்தேன். உண்மையா?

#9 கூடல்வாசி

சிவா, இது பழைய வழக்கு. தெரிந்தவரை சொல்கிறேன்.

கீட்டனை 1917-ல் சினிமாவுக்குக் கொண்டுவந்தவரே ஆர்பக்கிள்தான். ‘தி புட்சர் பாய்’ படத்தில் ஆரம்பித்தது அந்த நட்பு. 1921-ல் விருந்து ஒன்றுக்கு வந்த நடிகை வர்ஜினியா ராப் இறந்துபோக, ஆர்பக்கிள்மேல் வழக்கு. மூன்று முறை விசாரணை. 1922 ஏப்ரலில் மூன்றாவது ஜூரி விடுதலை செய்தது. உங்களுக்கு அநீதி நடந்துவிட்டது என்று எழுதியும் கொடுத்தது. ஆனாலும் தொழில் போய்விட்டது. அந்த நேரத்தில் கீட்டன் நண்பனைக் கூப்பிட்டு இந்தப் படத்தை இயக்கச் சொன்னார். சொந்தப் பெயரைப் போட முடியாத நிலை என்பதால் வில்லியம் குட்ரிச் என்ற பெயர்.

கீட்டன் சொல்வது: ஆர்பக்கிள் மனம் உடைந்திருந்தார், எல்லோர்மேலும் எரிந்து விழுந்தார், சில நாட்களில் வேலை நடக்காது என்று தெரிந்துவிட்டது. நண்பன் மனம் நோகாமல் விலக்க, ‘தி ரெட் மில்’ என்ற வேறொரு படத்தை இயக்க ஏற்பாடு செய்தாராம். இங்கேதான் சிக்கல். ‘தி ரெட் மில்’ வந்தது 1927-ல். மூன்று வருஷ இடைவெளி. கீட்டன் வயதான காலத்தில் இரண்டு நினைவுகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டார் என்றே தோன்றுகிறது. ஆர்பக்கிளின் மனைவி டோரிஸ் டீன் பின்னாளில், முழுப் படத்தையும் தன் கணவர்தான் இயக்கினார் என்றார்.

நான் எடுத்துக்கொள்வது இது: படத்தில் இருக்கும் ஒவ்வொரு ஷாட்டும் கீட்டன், லெஸ்லி, செட் போட்ட ஃபிரெட் கபூரி என்ற மூவரின் கூட்டு மூளையைக் காட்டுகிறது. அதற்காக ஆர்பக்கிளை அழித்துவிட வேண்டாம். விழுந்துகிடந்த நண்பனை, பெயரை மறைத்தாவது வேலைக்குக் கூப்பிட்டாரே, அது பெரிய விஷயம்.

#10 மீனா_கோவை

பெட்டிக்குள் பாய்கிற வித்தையைப் பற்றி யாருமே எழுதவில்லையே! எங்கள் வீட்டில் எல்லோரும் கத்திவிட்டோம்.

கீட்டனைத் துரத்துகிறார்கள். உதவியாளர் கில்லட் கிழவி வேஷத்தில் வேலி ஓரமாக நிற்கிறார், கழுத்தில் தொங்கும் பெட்டியைத் திறந்து வயிற்றுக்கு நேரே காட்டி “இதற்குள் பாய்” என்கிறார். கீட்டன் பாய்கிறார். பெட்டிக்குள்ளே போய், கிழவியின் வயிற்றுக்குள்ளே போய், மறைந்தே போகிறார். கிழவி பெட்டியை மூடிக்கொண்டு நடந்து போகிறாள். நடுவில் வெட்டு இல்லை.

#11 நிழற்படக்காரன்

அக்கா, அது மேடை வித்தை. கீட்டனின் அப்பா ஜோ கண்டுபிடித்தது என்று கீட்டன் சொல்லியிருக்கிறார். (இதே படத்தில் ஜோ கீட்டன் நடிக்கவும் செய்கிறார். கடிகாரத்தைப் பறிகொடுக்கும் அப்பா அவர்தான்.) வேலியில் பெட்டிக்குப் பின்னால் திறந்து மூடும் பலகை. கிழவி வேஷக்காரர் நிற்கவே இல்லை. உடம்பு வேலிக்குப் பின்னால் கிடைமட்டமாக நீண்டிருக்கிறது. இந்தப் பக்கம் தெரிவது மேல்பாதியும், கால் இருப்பது போலத் தொங்கும் நீளப் பாவாடையும்தான். கீட்டன் காலி இடத்தின் வழியே பாய்ந்து அந்தப் பக்கம் போகிறார். உடனே வேஷக்காரர் கால்களை முன்னால் இறக்கி ஊன்றி, காலமெல்லாம் நின்றவர் போல நடந்து போகிறார். அந்தக் கடைசி அசைவின் நளினத்தில்தான் மொத்த வித்தையும் இருக்கிறது.

அதற்குச் சற்று முன்பு ஜன்னல் வித்தை. வட்டமாக மடித்து வைத்த பெண் உடுப்பை ஜன்னலில் வைத்துவிட்டு உள்ளே போகிறார். பிறகு உள்ளேயிருந்து ஜன்னல் வழியே பாய்கிறார், வெளியே உருண்டு எழும்போது பெண்வேஷம். சந்தேகம் வரக்கூடாதே என்று வீட்டின் சுவரையே மறையச் செய்து உள்ளேயும் வெளியேயும் ஒரே ஷாட்டில் காட்டுகிறார். வேறு யாராக இருந்தாலும் வெட்டி ஒட்டியிருப்பார்கள்.

#12 ரீல்பெட்டி

எனக்குச் சிரித்துக்கொண்டே பார்க்க முடியாத ஒரு இடம் உண்டு. ரயில் பெட்டிகளின் கூரைமேல் ஓடி, கடைசியில் தண்ணீர்த் தொட்டியின் குழாயைப் பிடித்துத் தொங்குகிறார். குழாய் இறங்கி, அவ்வளவு தண்ணீரும் ஒரே அடியாகக் கொட்டி அவரைத் தண்டவாளத்தில் தள்ளுகிறது. எழுந்து ஓடிவிடுகிறார். நாமும் சிரிக்கிறோம்.

அந்த அடியில் கழுத்தெலும்பு முறிந்திருக்கிறது. கடுமையான தலைவலி என்று கொஞ்ச நாள் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பல வருஷம் கழித்து வேறு எதற்கோ எக்ஸ்ரே எடுத்த டாக்டர்தான், கழுத்து எப்போது முறிந்தது என்று கேட்டாராம். அந்த ஷாட் அப்படியே படத்தில் இருக்கிறது. நாம் பார்ப்பது நிஜமாகவே கழுத்து முறிகிற நொடி.

அப்பாவுக்கும் ஒரு தடவை கார்பன் சூட்டில் கை வெந்தது. கட்டுப் போட்டுக்கொண்டு அடுத்த காட்சியை ஓட்டினார். அந்தத் தலைமுறை ஆட்களை நினைத்தால் மதிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. அப்படி உழைக்க விட்டிருக்கக் கூடாது.

#13 வடமராட்சியான்

ரீல்பெட்டி, நீங்கள் எழுதினதை வாசிச்சுப்போட்டு அந்த இடத்தைத் திருப்பிப் பாத்தனான். இனி அதைப் பாத்துச் சிரிக்கேலாது.

மோட்டார்சைக்கிள் காட்சியையும் பாத்தனான். ஓட்டின ஆள் விழுந்துபோனது தெரியாமல் முன்னாலை கைப்பிடிமேலை குந்தியிருந்து ஊரெல்லாம் போறார். கயிறு இழுக்கிற கூட்டத்துக்குள்ளாலை, மண் அள்ளிக் கொட்டிற ஆக்களுக்கு முன்னாலை, பாதி உடைஞ்ச பாலத்துக்கு மேலாலை. பாலத்தின்ரை இடைவெளியிலை சரியா அந்த நேரம் இரண்டு லொறி வந்து நிரப்புது. முகத்திலை ஒரு மாற்றமும் இல்லை.

கூடல்வாசி, முதல் நான் சொன்னதிலை பாதியைத் திருப்பி எடுக்கிறன். கனவு எண்டது சாட்டு எண்டன். ஆனால் அந்தக் கனவுக்குள்ளை விழுகிற தண்ணிக்கு உண்மையான பாரம் இருக்கு. கழுத்தை முறிக்கிற பாரம். ஓவியத்திலையோ கவிதையிலையோ வாற கனவிலை அது இல்லை. மற்றப் பாதியை இன்னும் விடேல்லை. கதையின்ரை முதல் பாகத்திலை வாற ஆக்களிலை எனக்கு ஒட்டு வரேல்லை.

#14 மீனா_கோவை

வெளிவந்தபோது ஓடியதா? இவ்வளவு உழைப்புக்கு மக்கள் என்ன சொன்னார்கள்?

#15 கூடல்வாசி

அதுதான் வேதனை. லாங் பீச்சில் முன்னோட்டக் காட்சி போட்டார்கள். ஜனங்கள் வித்தைகளைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள், ஆனால் சிரிக்கவில்லை. கீட்டன் வெட்டினார். இரண்டாவது முன்னோட்டமும் சரியாகப் போகவில்லை. மறுபடியும் வெட்டி ஐந்து ரீலில் கொண்டுவந்து நிறுத்தினார். தயாரிப்பாளர் ஜோசப் ஷென்க் இன்னும் ஆயிரம் அடி சேர்க்கச் சொன்னபோது மறுத்துவிட்டார். முக்கால் மணி நேரப் படமாக நிற்பதற்கு அதுதான் காரணம். சதையே இல்லாமல் எலும்பும் நரம்புமாக நிற்கிறது. வடமராட்சியான், முதல் பாகத்து ஆட்கள் ஒட்டாமல் போனதற்கும் இது ஒரு காரணமாக இருக்கலாம்.

முந்தைய படமான ‘அவர் ஹாஸ்பிடாலிட்டி’ அளவுக்கு வசூல் இல்லை. ‘வெரைட்டி’ பத்திரிகை ஆஸ்பத்திரி அறுவை அறையோடு ஒப்பிட்டுத் திட்டியது. அதே வருஷம் வந்த ‘தி நேவிகேட்டர்’ பெரிய வெற்றி பெற்று அவரைக் காப்பாற்றியது. ‘ஷெர்லாக் ஜூனியர்’ 1991-ல்தான் அமெரிக்க தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ந்தது. கீட்டன் 1966-லேயே போய்விட்டார்.

மகளிடம் லெஸ்லியின் பிலிம் துண்டு கதையைச் சொன்னேன். இப்போது கைபேசியில் என்னை வீட்டு வாசலிலும் மொட்டை மாடியிலும் ஒரே மாதிரி நிறுத்தி எடுத்துக்கொண்டிருக்கிறாள். தரையில் சாக்கட்டிக் கோடு, கையில் தையல் டேப். நான்கு நாளாகியும் பொருந்தவில்லை. விடமாட்டேன் என்கிறாள்.

#16 ரீல்பெட்டி

பாப்பாவுக்கு என் வாழ்த்து. பொருந்தியதும் இங்கே போடுங்கள்.

முடிவுக் காட்சியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். கனவில் மாபெரும் துப்பறிவாளனாக இவன் சுற்றிக்கொண்டிருக்கும்போது, நிஜத்தில் அந்தப் பெண்தான் அடகுக்கடைக்கு நேரே போய், கொண்டுவந்து வைத்தது யார் என்று ஒரே கேள்வி கேட்டு உண்மையைக் கண்டுபிடித்துவிடுகிறாள். மன்னிப்புக் கேட்க ஆபரேட்டர் ரூமுக்கு வருகிறாள். இவனுக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. மெஷின் பக்கத்து ஜன்னல் வழியே திரையை எட்டிப் பார்க்கிறான். திரையில் நாயகன் கையைப் பிடித்தால் இவனும் பிடிக்கிறான், மோதிரம் போட்டால் இவனும் போடுகிறான், முத்தம் கொடுத்தால் இவனும் கொடுக்கிறான். அடுத்த வெட்டில் நாயகனும் நாயகியும் குழந்தைகளோடு உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவில் என்ன நடந்தது என்று படம் காட்டவில்லை. இவன் தலையைச் சொறிகிறான். படம் முடிகிறது.

அப்பாவும் அந்த மாதிரி ஓட்டை வழியேதான் முப்பது வருஷம் பார்த்தார். எந்தப் படத்தின் கதையைக் கேட்டாலும் துண்டு துண்டாகத்தான் சொல்வார். ரீல் மாற்றும் நேரம் நெருங்கினால் திரையின் வலது மேல்மூலையில் ஒரு புள்ளி வரும், அதை விட்டுவிடாமல் பிடிக்க வேண்டும். கதாநாயகி அழுதாலும் சண்டை நடந்தாலும் அப்பாவின் கண் அந்த மூலையில்தான். போன மாதம் இந்தப் படத்தைக் கைபேசியில் போட்டு அவர் கையில் கொடுத்தேன். பேச்சில்லாத படம், பொறுமையாக முழுவதும் பார்த்தார். கடைசிக் காட்சியில் கீட்டன் ஜன்னல் வழியே திரையைப் பார்க்கும்போது அப்பா என்னை நிமிர்ந்து பார்த்து, “நம்ம பய படத்தப் பாக்குறான்டா” என்றார்.